ஓடிப்போகும் தழைச்சத்து

கோழி எச்சத்தில் இரண்டு நிறம் உண்டு. பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருப்பது தின்ற தீனியின் மிச்சம். அதன் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது கோழியின் சிறுநீர். காய்கறித் தோட்டம் போடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வெள்ளையைப் பற்றித்தான்.

மாடும் ஆடும் மனிதரும் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைக்கு அந்த வழி சரிப்படாது. முட்டைக்குள் இருபத்தொரு நாள் அடைபட்டு வளரும் குஞ்சுக்குக் கழிவைக் கொட்ட வேறு இடமில்லை. கழிவு கரையும் பொருளாக இருந்தால் குஞ்சைச் சுற்றியுள்ள நீரிலேயே கலந்து அதற்கு நஞ்சாகிவிடும். அதனால் பறவையினம் நைட்ரஜனை யூரிக் அமிலமாக மாற்றக் கற்றது. யூரிக் அமிலம் தண்ணீரில் பெரும்பாலும் கரையாது. படிகமாக ஓர் ஓரத்தில் படிந்து கிடக்கும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். உழவர் தழைச்சத்து என்று சொல்வது இதைத்தான். இலையைத் தழைக்க வைப்பதும், கீரையைக் கொழுக்க வைப்பதும், தக்காளிச் செடியை ஆள் உயரத்துக்கு ஏற்றுவதும் இதன் வேலை.

பறவை எச்சத்துக்குள் இருக்கும் இந்தச் செல்வத்தை வேதியியலின் கண்ணால் முதலில் பார்த்தவர்கள் பிரான்சு நாட்டவர். தென்னமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு 1804இல் ஐரோப்பா திரும்பிய ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், பெரு நாட்டுக் கடற்கரையில் குவானோ என்று வழங்கிய பறவை எச்சத்தில் கொஞ்சம் கொண்டுவந்தார். பாரிஸில் ஃபூர்க்ரவா, வோக்லன் என்ற இரு வேதியியலாளர்கள் அதைப் பகுத்துப் பார்த்து, நான்கில் ஒரு பங்கு யூரிக் அமிலம் என்று கண்டார்கள். 1840களில் தொடங்கி அந்த எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. பெருவின் சிஞ்சா தீவுகளை 1864இல் ஸ்பெயினின் போர்க்கப்பல்களே வந்து கைப்பற்றின.

சிஞ்சா தீவுகளில் அத்தனை எச்சம் எப்படிச் சேர்ந்தது? பறவைகள் ஏராளம் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், அங்கே மழை பெய்வதில்லை என்பது. குளிர்ந்த கடல்நீரோட்டம் அந்தக் கரையில் மழை மேகத்தை உருவாக விடுவதில்லை. எச்சம் உலர்ந்தபடியே நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காய்க் கிடந்தது. அதில் இருந்த தழைச்சத்தும் அங்கேயே கிடந்தது.

புதுச்சேரியின் நிலை இதற்கு நேர் எதிர். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. பெருவின் தீவில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய தழைச்சத்து, இந்த ஊரில் ஒரு கார்த்திகையைக்கூடத் தாங்காது. கோழி எருவை மட்கவைப்பது ஏன், எப்படி என்ற கேள்விகளுக்கான விடை முழுவதும் இந்த ஓட்டத்தைத் தடுப்பதில் இருக்கிறது.

காற்றில் ஒரு வழி, தண்ணீரில் ஒரு வழி

முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 100 கிராம் ஈர எச்சம் போடும். வைத்திக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ கொல்லையில் ஐந்து கோழி வளர்க்கும் வீட்டில் ஆண்டுக்கு 180 கிலோ சேரும். உலர்ந்தால் 60 கிலோ அளவுக்குச் சுருங்கும். கோழி வளர்க்காதவர்கள் மூட்டையாக வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கோழி எருவின் தலைநகரம் நாமக்கல். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை இறங்கும் அந்த வட்டாரப் பண்ணைகளில், கூண்டுகளுக்கு அடியில் குவியும் எரு லாரி லாரியாக வயல்களுக்குப் போகிறது. கோழி தின்னும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் முட்டையாகவும் கறியாகவும் மாறாமல் எச்சமாக வெளியே வந்துவிடுகிறது. அந்த மக்காச்சோளத்துக்கும் எங்கோ ஒரு வயலில் யாரோ ஒருவர் காசு கொடுத்து யூரியா வாங்கிப் போட்டிருப்பார். ஆக, ஒரு மூட்டைக் கோழி எரு என்பது பல மாநிலங்களைக் கடந்து வந்து சேர்ந்த தழைச்சத்து.

வேளாண் கையேடுகள் காட்டும் சராசரியில், தொழுவுரத்தில் தழைச்சத்து 0.5 விழுக்காடு, கோழி எருவில் 3 விழுக்காடு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) தொழுவுரத்தில் 0.2, கோழி எருவில் 2.6. ஆறு மூட்டைத் தொழுவுரத்தின் தழைச்சத்தை ஒரே மூட்டைக் கோழி எரு தருகிறது. இவ்வளவு வீரியம் இருப்பதால்தான் அதை அப்படியே செடியடியில் போட்டால் வேர் கருகுகிறது.

எச்சம் உலர்ந்திருக்கும்வரை யூரிக் அமிலம் பேசாமல் கிடக்கும். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். யூரிக் அமிலத்தைப் படிப்படியாக உடைத்து யூரியாவாகவும், யூரியாவை அமோனியாவாகவும் மாற்றும். உலர்ந்த மூட்டைக்கு அதிகம் வாடை இல்லாததும், அதே மூட்டை நனைந்ததும் கண்ணைக் கரிப்பதும் இதனால்தான். வாடை வருகிறதென்றால், காசு கொடுத்து வாங்கிய சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அமோனியம் அயனி. அது மின்னேற்றம் கொண்டது, கரைசலில் தங்கிவிடும். மற்றொன்று அமோனியா வாயு, அது பறந்துவிடும். எது எவ்வளவு என்பதைக் காரத்தன்மையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 பாகை செல்சியஸில், பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வாயு. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயு. வெப்பம் 35 பாகைக்கு ஏறினால் பாதிக்கு மேல். முட்டை ஓட்டுக்காகத் தீனியில் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து எச்சத்திலும் வருவதால், கோழி எரு இயல்பாகவே காரப் பக்கம் சாய்ந்தது. புதுச்சேரியின் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால், திறந்து கிடக்கும் எருவின் தழைச்சத்து கண்ணெதிரே காலியாகும்.

இங்கே பலருடைய பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். வாடை போகட்டும் என்று கோழி எச்சத்தின் மேல் அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ தூவுகிறார்கள். இரண்டும் காரம். தூவியதும் ஈரம் குறைவதால் ஈ குறையலாம். ஆனால் எச்சத்தில் அமோனியமாகத் தங்கியிருந்ததும் வாயுவாக மாறிப் பறந்துவிடும். சாம்பலைத் தனியாகச் சேர்த்து வைத்து, பின்னால் கத்தரிப் பாத்திக்குச் சாம்பல்சத்தாக (பொட்டாசியம்) போடுவது நல்லது. எருவில் தூவ ஏதாவது வேண்டுமென்றால் ஜிப்சம் தூவலாம். அதிலுள்ள சல்ஃபேட் அமோனியத்தைப் பறக்காத உப்பாகப் பிடித்து வைக்கும்.

இரண்டாவது வழி தரைக்குள் போகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். களிமண் துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றம் கொண்ட அமோனியத்தை ஒட்டி வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் அதற்கு மண்ணில் பிடிப்பு இல்லை. தண்ணீர் போகிற போக்கில் போகும். புதுச்சேரியின் கடலோர மணலில் களி குறைவு, தண்ணீர் இறங்கும் வேகம் அதிகம். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீர் இந்த நகருக்கு வந்ததன் நினைவுச்சின்னம். இன்றைக்கும் புதுச்சேரி பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். மழைக்கு முன் பாத்தியில் கொட்டிய மட்காத பச்சை எரு செடிக்கும் பயன்படாமல் கிணற்றையும் கெடுக்கிறது.

கார்பன் போடும் கட்டு

இரண்டு வழியையும் ஒரே சமயத்தில் அடைக்க ஓர் உபாயம் இருக்கிறது. நைட்ரஜனை உயிருள்ள உடம்பாக மாற்றிவிடுவது. பாக்டீரியாவின் உடம்பில் புரதமாகப் போய் உட்கார்ந்த நைட்ரஜன் பறக்காது, கரைந்தும் ஓடாது. அந்த பாக்டீரியா செத்துச் சிதையும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். செடியின் வேர் எடுத்துக்கொள்ளும் வேகமும் ஏறக்குறைய அதுதான். மட்கு உரம் என்பது அடிப்படையில் இதுவே: கோடானுகோடி நுண்ணுயிர்களின் உடல்களும் அவை விட்டுச்சென்ற பொருள்களும்.

நுண்ணுயிர் உடம்பு கட்ட நைட்ரஜன் மட்டும் போதாது, கார்பன் வேண்டும். நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 8 பங்கு கார்பன் இருக்கும். ஆனால் அது தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக எரித்துவிடும். ஒரு பங்குதான் உடம்பில் தங்கும். 8 பங்கு உடம்பில் தங்க வேண்டுமென்றால் 24 பங்கு தின்றாக வேண்டும். மட்கு உரம் தயாரிக்கும் எவரும் சொல்லும் 25க்கு 1, 30க்கு 1 என்ற விகிதம் இந்தக் கணக்கில் பிறந்தது. கோழி எருவில் இருப்பது 10க்கு 1 அல்லது அதற்கும் கீழே. நுண்ணுயிர்கள் கார்பன் தீர்ந்ததும் உடம்பு கட்டுவதை நிறுத்தும்; மிஞ்சிய நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறும். இப்படிக் கார்பன் சேர்க்காமல் குவித்து வைத்த எருவில் பாதித் தழைச்சத்துகூடப் போய்விடக் கூடும்.

ஆகவே கோழி எருவோடு கார்பன் மிகுந்த எதையாவது சேர்க்க வேண்டும். மர இலைச் சருகில் இந்த விகிதம் 50 அளவில் இருக்கும். வைக்கோலில் 50 முதல் 80 வரை. தென்னை நார்த்தூளில் நூறைத் தாண்டும். மரத்தூளில் பல நூறு.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோ உலர்ந்த கோழி எருவில் 3 கிலோ கார்பனும் 300 கிராம் நைட்ரஜனும் இருப்பதாகக் கொள்வோம். சருகில் கிலோவுக்கு 450 கிராம் கார்பன், 9 கிராம் நைட்ரஜன். 20 கிலோ சருகு சேர்த்தால் கார்பன் மொத்தம் 12 கிலோ, நைட்ரஜன் 480 கிராம். விகிதம் சரியாக 25. எடையில் ஒன்றுக்கு இரண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எடையில் இரண்டு மடங்கு என்றாலும், சருகு இலேசானது என்பதால் பார்வைக்கு ஒரு கூடை எருவுக்குப் பல கூடைச் சருகு வேண்டியிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் தயங்கிக் குறைத்துவிடுவது இங்கேதான். வாடை வந்தால் சருகு போதவில்லை என்று அறிந்து, இன்னும் சேர்த்துக் கிளறிவிட வேண்டும்.

வாங்கும்போது எரு எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் அவசியம். கூண்டு முறையில் வளரும் முட்டைக்கோழியின் எரு வெறும் எச்சம். கறிக்கோழிகளை வளர்க்கும் ஆழ்கூள முறையில், தரையில் பரப்பிய உமியோ நார்த்தூளோ எச்சத்தோடு கலந்தே வரும். அதில் கார்பன் ஏற்கெனவே கொஞ்சம் இருப்பதால் சருகைக் குறைத்துக்கொள்ளலாம்.

தென்னை நார்த்தூள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கணக்குப்படி அதில் கார்பன் நிறைய உண்டு. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு லிக்னின். மரத்துக்கு உறுதி தரும் இந்தப் பொருளைப் பெரும்பாலான பாக்டீரியாக்களால் எளிதில் தின்ன முடியாது. அதைத் தின்னத் தெரிந்தவை காளான்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நார்த்தூளை மட்கவைக்கச் சிப்பிக்காளான் வித்தைப் பரிந்துரைத்தது இதனால்தான். ஒரு டன் நார்த்தூளுக்கு 5 கிலோ யூரியா என்பது அதன் பரிந்துரை; யூரியாவுக்குப் பதில் 200 கிலோ புதிய கோழி எரு போடலாம் என்பதும் அதிலேயே உண்டு. வீட்டுத் தோட்டத்துக்குச் சருகைப் பெரும்பங்காகவும் நார்த்தூளை ஈரம் பிடிப்பதற்கான சிறுபங்காகவும் வைத்துக்கொள்வது எளிது.

குவியலின் சூடு

1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு, இந்திய உழவர்களின் எருக்குழிகளையும் சீனாவின் பழைய முறைகளையும் ஆராய்ந்து, தாவரக் கழிவையும் கால்நடைக் கழிவையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று உலகம் முழுக்க அறியப்பட்டது அது. கிளறுவதுதான் அதன் உயிர். 1939இல் பெங்களூரில் உருவான குழி முறையில் கிளறுவது இல்லை. மூடிவிட்டு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும். தரைக்குக் கொஞ்சம் கீழேயே தண்ணீர் நிற்கும் கடலோரப் புதுச்சேரியில் குழி வேண்டாம். மழையில் குழி நிரம்பும். எருவின் சாறு நேரே நிலத்தடி நீரில் இறங்கும். மேடான இடத்தில், தரைமேல், கூரைக்கோ தார்ப்பாய்க்கோ அடியில் குவியலாகப் போடுவதே இங்கே பொருந்தும்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். சுமார் 30 கிலோ எருவும் 60 கிலோ சருகும் நனைத்து அடுக்கினால் இந்த அளவுக்கு அருகில் வரும். ஐந்து கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஆண்டில் இரண்டு குவியல். இந்த அளவு ஏன்? நுண்ணுயிர்கள் மூச்சுவிடும்போது பிறக்கும் சூடு குவியலின் உள்ளே முழுக்க உண்டாகிறது. ஆனால் வெளியேறுவது மேற்பரப்பு வழியாக மட்டுமே. குவியல் பெரிதாகப் பெரிதாக, உண்டாகும் சூட்டோடு ஒப்பிட்டால் வெளியேறும் சூடு குறைகிறது. பந்தியில் வைத்த அண்டா சாம்பார் கொதி அடங்காமல் இருக்க, கிண்ணத்தில் ஊற்றியது சீக்கிரம் ஆறிவிடுவது இதே காரணத்தால்.

ஈரம் ஐம்பது முதல் அறுபது விழுக்காடு. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும்; ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. அடுக்கிய இரண்டு மூன்று நாளில் உட்சூடு 55 பாகையைத் தாண்டும். முதலில் வேலை செய்த நுண்ணுயிர்கள் ஒதுங்கி, வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கும். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து ஐந்து நிமிடம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 70 பாகையைத் தொட்டால் நல்ல நுண்ணுயிர்களும் சாகத் தொடங்கும். கிளறித் தணிக்க வேண்டும்.

இந்தச் சூடுதான் கோழி எருவை உண்ணும் பயிருக்கு ஏற்றதாக்குகிறது. கோழியின் குடலில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற நோய்க்கிருமிகள் வாழ்வது வழக்கம். கோழிக்கு ஒன்றும் செய்யாத அவை நம் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள், திறந்த வரிசைக் குவியலில் 55 பாகைக்குக் குறையாத சூடு 15 நாள் நீடிக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது கிளறியிருக்க வேண்டும் என்கின்றன. கிளறும்போது வெளியே ஆறிக் கிடந்தது உள்ளே போய்ச் சூடேறும். ஈக்கும் இதுவே மருந்து. வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறினால் ஓரத்தில் நெளியும் புழு நடுச்சூட்டில் வெந்து அழியும்.

மட்காத எருவைப் போட்டால் மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாளுக்கும், மற்றவற்றை 90 நாளுக்கும் அறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. நம் முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். ஆக, கீரைப் பாத்தியில் பச்சைக் கோழி எருவுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

மாடித் தோட்டக்காரர்கள் ஒரு டிரம்மில் மட்கவைக்கிறார்கள். டிரம்மில் பொருள் மட்கும். ஆனால் அளவு சிறிது என்பதால் 55 பாகைச் சூடு நிலைப்பது அரிது. கிருமி அழிவுக்கு டிரம்மை நம்பக் கூடாது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய குவியல் போட்டுப் பகிர்ந்துகொள்வதே பாதுகாப்பு.

ஆற விடும் காலம்

ஐந்தாறு வாரத்தில் கிளறினாலும் சூடேறாத நிலை வரும். உரம் ஆகிவிட்டது என்று பலரும் அப்போதே எடுத்துப் போடுகிறார்கள். உரத்துக்குள் அமோனியம் இன்னும் மிச்சம் இருக்கும்; இளவேருக்கு அது ஆகாது. இனி நடக்க வேண்டியது வேறொரு வேலை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1877ஆம் ஆண்டில், பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள் அமோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினையாக இருந்தால் இருபது நாள் தாமதம் ஏன்? குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றது. கொஞ்சம் தோட்டமண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மறுபடி வந்தது. அமோனியாவை நைட்ரேட்டாக்குவது உயிர்கள்தாம் என்பது அன்று உறுதியானது. அந்த பாக்டீரியாக்களுக்குக் கொதிக்கும் குவியல் ஆகாது. சூடு 40 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெருகும். அதனால்தான் மட்கிய உரத்தை நிழலில், ஈரம் காயாமல், இரண்டு மாதம் ஆற விடுகிறோம். மழைநீர் படாமல் மூடுவது இந்தக் கட்டத்தில் மிக மிக முக்கியம். இப்போது உண்டாகும் நைட்ரேட்தான் கரைந்து ஓடக்கூடியது.

உரம் பக்குவமா என்று பச்சைப்பயறைக் கேட்கலாம். ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் நனைத்த துணியில் கொஞ்சம் பயறு, நல்ல தண்ணீர்த் துணியில் கொஞ்சம் பயறு முளைகட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி வேர்விட்டால் உரம் தயார். முதல் துணியில் வேர் குட்டையாகவோ நுனி கருகியோ இருந்தால் இன்னும் சில வாரம் காத்திருக்க வேண்டும்.

பாத்தியில் எவ்வளவு

நன்கு மட்கிய கோழி உரம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பயிர்க்காலத்தில் ஒரு கிலோ போதும். தொட்டியிலும் குரோ பேக்கிலும் மண் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கோழி உரத்தில் உப்பு அதிகம். கடலோரத்தில் பல கிணறுகளின் தண்ணீரே உவர்ப்பு. இரண்டு உப்பும் தொட்டியில் சேர்ந்தால் இலை விளிம்பு கருகும். நிலத்தில் மழை உப்பை அலசிவிடும், தொட்டியில் நாம்தான் அளவு பார்க்க வேண்டும்.

மணிச்சத்தையும் கவனிக்க வேண்டும். காய்கறிச் செடி மணிச்சத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. கோழி உரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். தழைச்சத்துத் தேவை முழுவதையும் இந்த உரத்தாலேயே ஆண்டுதோறும் நிறைவு செய்தால், எடுக்கப்படாத மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண் அரித்து ஏரிகளில் சேரும்போது பாசியைப் பெருக்கும். ஒரு பட்டத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய்க்குக் கோழி உரம் போட்டால், அடுத்த பட்டத்தில் அதே பாத்தியில் அவரையோ தட்டைப்பயறோ போடலாம். அவை தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு மண்ணின் மணிச்சத்தைச் செலவழிக்கும். லாஸ்பேட்டைக்கு வடக்கே ஆரோவில் வரை விரியும் செம்மண்ணுக்கு, கோழி உரத்தில் வரும் சுண்ணாம்பு கூடுதல் நன்மை. அமிலத் தன்மையுள்ள மண்ணை அது சமன்செய்யும்.

பண்ணைக் கோழிக்குத் தரும் மருந்துகளின் எச்சம் எருவிலும் வரும். கடைசிக் கட்ட மருந்தாக மனிதருக்கு வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக் கூடாது என்று இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. டெட்ராசைக்ளின் போன்றவற்றின் பெரும்பகுதி சூடான குவியலில் சிதைந்துவிடும்; குளிர்ந்த குவியலில் தங்கும். சூடேறும்படி மட்கவைக்க இது இன்னொரு காரணம். பறவைக் காய்ச்சல் கண்ட பண்ணையின் எருவை மட்டும் எந்த நிலையிலும் தொடக் கூடாது.

குரும்பாபேட்டுக்குப் போகும் சருகு

இத்தனைக்கும் வேண்டிய கார்பன் புதுச்சேரியில் வீதிதோறும் உதிர்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்கா, கடற்கரையை ஒட்டிய பழைய வீதிகளின் மரங்கள், கல்லூரி, பள்ளி, கோயில், தேவாலய வளாகங்கள் என்று மாசி, பங்குனியில் சருகு குவிகிறது. அதில் ஒரு பகுதி ஓரத்திலேயே கொளுத்தப்படுகிறது. இன்னொரு பகுதி பிளாஸ்டிக்கோடு கலந்து குரும்பாபேட் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அதே குரும்பாபேட்டில்தான் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேதான். கோழியை அறிந்தவர்கள், மண்ணை அறிந்தவர்கள், நகரின் குப்பை ஆகிய மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன. சருகைத் தனியே வாங்கிக் கோழி எருவோடு மட்கவைத்து, நகரத் தோட்டங்களுக்குத் திருப்பித் தருவதற்கு இதைவிட வசதியான இடம் வேறெங்கும் அமையாது.

அதுவரை வீடுகளும் தெருக்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காலமும் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. பங்குனியில் சருகு சேர்த்துக் குவியல் போட்டால் வைகாசி தொடக்கத்தில் சூடு அடங்கும். ஆடிப் பட்டத்துக்கு உரம் ஆறித் தயாராகும். செடி வேர் பிடித்துச் சத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் ஐப்பசி மழை வரும். மிஞ்சிய உரத்தைக் கூரைக்கு அடியில் வைத்துத் தைப் பட்டத்துக்குப் பயன்படுத்தலாம். கோழி எருவை எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். மூட்டை உலர்ந்திருந்தால் காத்திருக்கும். சருகு கிடைக்கும் காலம் ஆண்டில் அந்த ஒன்றரை, இரண்டு மாதம்தான். ஆகவே இந்தப் பங்குனியில் உங்கள் தெருவில் யாராவது சருகைக் கூட்டித் தீ வைக்கப் போனால், சாக்கை எடுத்துக்கொண்டு போய் முதலில் அதை அள்ளி வாருங்கள்.